தருமபுரி வான்வெளியும் மிதவை வானூர்திகளும்: முன்னுரிமை விதியின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

சிறு விமானங்களும், கிளைடர் எனப்படும் மிதவை வானூர்திகளும் ஒரே வான்வெளியைப் பயன்படுத்தும்போது மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் விமானிகளின் கண்களிடமே விடப்படுகிறது. இயந்திரம் பூட்டிய விமானம் மிதவை வானூர்திக்கு வழிவிட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஒன்றையொன்று காணாதவரை இவ்விதி செயலுக்கு வருவதில்லை. போட்டிகளில் பறக்கும் மிதவை வானூர்திகளின் வடிவமும் பறக்கும் முறையும் அவற்றைக் காண்பதை மேலும் அரிதாக்குகின்றன. இக்கட்டுரை விதியின் எல்லை, கண்ணின் எல்லை, கருவிகளின் எல்லை ஆகிய மூன்றையும் விளக்கி, பறப்பதற்கு முன்பே செய்தி பகிர்வதுதான் முதன்மையான காப்பு என நிறுவுகிறது. சேலம் நிலையத்தின் பயிற்சிப் பறப்புக்கு அண்மையில் உள்ள தருமபுரி மாவட்ட வான்வெளி இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தருமபுரி, வான்வெளி, மிதவை வானூர்தி, சிறு விமானம், வழியுரிமை, டிரான்ஸ்பாண்டர், நோட்டாம்.

முன்னுரை

சாலையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுக்குப் பாதை வரையறுக்கப்பட்டிருக்கிறது. வானில் அத்தகைய பாதை எல்லா உயரங்களிலும் எல்லா இடங்களிலும் இல்லை. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வான்வெளியை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது. இவற்றுள் ‘ஜி’ வகை வான்வெளியில் கட்டுப்பாட்டு மையம் விமானங்களைப் பிரித்து அனுப்புவதில்லை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின்கீழ் செல்லும் விமானி தம் முன்னும் பக்கமும் தாமே நோக்கி, பிற ஊர்திகளைத் தவிர்க்க வேண்டும். சிறு விமானங்களும் மிதவை வானூர்திகளும் பெரிதும் சந்திப்பது இவ்வகை வெளியில்தான். ஆகவே ‘பார், தவிர்’ என்னும் நெறி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது உயிர்க்காப்புத் தொடர்பான வினாவாகிறது.

தருமபுரி வானின் அமைப்பு

சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம், 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமானபோது இன்றைய எல்லையைப் பெற்றது. மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. எனினும் அதன் மேலுள்ள வானம் வெறுமையானதன்று. தெற்கே ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கிருந்து தருமபுரி நகரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் உள்ளது. 100 நாட் வேகத்தில் செல்லும் பயிற்சி விமானத்துக்கு இது பதின்மூன்று நிமிடப் பயணம். பறத்தல் பயிற்சி நிறுவனங்களுக்கென இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த நிலையங்களுள் சேலமும் ஒன்று. 2023 அக்டோபரில் அங்குப் பயணிகள் விமானப் போக்குவரத்தும் மீண்டும் தொடங்கியது. சேலம் ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காக அமைந்தது. அதன் வடகிழக்கு நீட்சி சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டித் தருமபுரி மாவட்டத்தின் தென்பகுதியை நோக்கிச் செல்கிறது.

வடக்கே, 2004 வரை தருமபுரி மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த ஓசூர் வட்டத்தில், பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. சிறு விமானங்கள் கட்டப்பட்ட இடமும் அதுவே. வடகிழக்கே, தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள ஏலகிரி மலை பாராகிளைடிங் பறப்புக்கு அறியப்பட்டது. பாராகிளைடர் மிதவை வானூர்தியினும் மெதுவானது. ஆனால் இயந்திர ஒலியின்றி, பெரும்பாலும் அடையாளக் கருவியின்றி, எழுகாற்றைத் தேடி அலைவதில் இரண்டும் ஒன்றே.

நிலவமைப்பும் கருதத்தக்கது. பாறையும் செம்மண்ணும் மிகுந்த இம்மேட்டுநிலம் மார்ச்சு முதல் மே வரையிலான மாதங்களில் கடுமையாகச் சூடேறுகிறது. வத்தல்மலை, சித்தேரி மலை, தொப்பூர்க் கணவாயின் இரு சரிவுகள் ஆகியன சமவெளியிலிருந்து சட்டென உயர்கின்றன. சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றும், மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றும் மிதவை வானூர்திக்கு எரிபொருள் போன்றவை. மாவட்டத்தில் நிலையான மிதவை வானூர்தித் தளம் ஏதுமில்லை. பயிற்சிப் பறப்பு பெருகும் ஒரு பகுதியில், காற்றை நம்பிப் பறக்கும் விளையாட்டுகளுக்கும் இடம் உண்டா, உண்டெனில் எந்நெறியில் என்பதை முன்கூட்டியே ஆராய்வது பொருத்தமானது.

மிதவை வானூர்தியும் போட்டிப் பறப்பும்

மிதவை வானூர்தி இந்தியாவுக்குப் புதிதன்று. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் வடிவமைக்கப்பட்ட மிதவை வானூர்திகளுக்கு அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என நாள்மீன்களின் வரிசையிலேயே வடமொழிப் பெயர்கள் இடப்பட்டன. புணே அருகில் அதப்சரில் இயங்கும் மிதவைப் பறப்பு மையமும், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஓடுதளமும் இம்மரபின் தொடர்ச்சிகள்.

இன்றைய போட்டி வானூர்தி 15 அல்லது 18 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய இறக்கை கொண்டது. 15 மீட்டர் வகையின் சறுக்கு விகிதம் 45க்கு 1 எனக் கொண்டால், காற்றசைவற்ற நிலையில் 1,000 மீட்டர் உயரம் இழப்பதற்குள் அது 45 கி.மீ. செல்லும். தருமபுரி நகருக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானூர்தி கிருட்டிணகிரியை ஏறக்குறைய எட்டிவிடும் எனலாம். இடையில் வெப்பக்காற்றைக் கண்டால் அதனுள் வட்டமிட்டு இழந்த உயரத்தை மீட்கிறது.

போட்டியில் பல வானூர்திகள் இழுவை விமானங்களால் குறுகிய நேரத்துக்குள் மேலேற்றப்படுகின்றன. தொடக்கக் கோட்டைக் கடக்குமுன் அவை ஒரே பகுதியில் காத்திருக்கின்றன. பின்னர், அறிவிக்கப்பட்ட திருப்புமுனைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று தளம் திரும்புகின்றன. சிறு விமானியின் நோக்கில் இதில் மூன்று கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, திரள். ஒரு வானூர்தி நல்ல எழுகாற்றைக் கண்டால் மற்றவையும் அங்கு வந்து, முதலில் வந்தது சுற்றும் திசையிலேயே, பல உயரங்களில் வட்டமிடுகின்றன. ஒரு சுற்றுக்கு 20 முதல் 30 விநாடி ஆகிறது. ஒன்றைக் கண்ட சிறு விமானி அதனருகே வேறு பலவும் இருக்கும் எனக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உயரம் நிலையாக இல்லாமை. இயந்திர விமானங்கள் திசைக்கேற்ற பறப்பு உயரங்களைப் பின்பற்றுகின்றன. கிழக்கு நோக்கியவை ஒற்றைப்படை ஆயிரத்துடன் 500 அடியும், மேற்கு நோக்கியவை இரட்டைப்படை ஆயிரத்துடன் 500 அடியும் கொள்வது பொதுமுறை. மிதவை வானூர்தி ஏறியும் இறங்கியும் மட்டுமே முன்னேறுவதால் இவ்வொழுங்கு அதற்குப் பொருந்தாது.

மூன்றாவது, முடிவுச் சறுக்கு. இறுதிக் கட்டத்தில் மீதமுள்ள உயரம் வேகமாக மாற்றப்படுகிறது. அப்போது வானூர்திகள் மணிக்கு 200 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், தாழ்வாக, ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் தளத்தை நோக்கி வருகின்றன.

வழியுரிமை விதி

சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு வான் விதிகளை வகுக்கிறது. நேருக்கு நேர் நெருங்கும் இரு விமானங்களும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்காக நெருங்கினால், மற்றதைத் தன் வலப்புறத்தில் கொண்ட விமானம் வழிவிட வேண்டும். முந்தும் விமானம் முந்தப்படும் விமானத்துக்கு வழிவிட வேண்டும். குறுக்காக நெருங்கும் நிலையில், இயந்திர விமானங்கள் வான்கப்பல், மிதவை வானூர்தி, பலூன் ஆகியவற்றுக்கு வழிவிட வேண்டும் என்பது சிறப்பு விதி.

இதன் அடிப்படை எளியது. தப்பும் ஆற்றல் மிகுந்தது, தப்பும் ஆற்றல் குறைந்ததற்கு இடங்கொடுக்கிறது. மிதவை வானூர்தியால் நினைத்தவுடன் உயரம் ஏற இயலாது. இறங்கினால் இழந்த உயரத்தை மீட்பது உறுதியன்று. ஆயினும் வழியுரிமை உடைய விமானியும் மோதலைத் தவிர்க்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை என்றும் அதே விதி கூறுகிறது. விதி உரிமையை வழங்குகிறது, காட்சியை வழங்குவதில்லை.

கண்ணின் எல்லை

எதிரே வரும் ஊர்தியைக் கண்டது முதல் விமானம் திசைமாறும் வரை ஆகும் நேரத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் அறிவுரைச் சுற்றறிக்கை ஒன்று 12.5 விநாடி எனக் கணக்கிடுகிறது. பொருளைக் காண 0.1, அது விமானம் என அறிய 1.0, மோதும் பாதையில் உள்ளது என உணர 5.0, எப்பக்கம் திரும்புவது எனத் தீர்மானிக்க 4.0, தசைகள் இயங்க 0.4, விமானம் மறுவினை புரிய 2.0 விநாடி என அது பகுக்கப்படுகிறது.

இதனைத் தருமபுரி வானில் நிகழக்கூடிய ஒரு சந்திப்புக்குப் பொருத்திப் பார்க்கலாம். பயிற்சி விமானத்தின் வேகம் 110 நாட், எதிரே இரு எழுகாற்றுகளுக்கிடையே விரையும் மிதவை வானூர்தியின் வேகம் 90 நாட் எனக் கொண்டால், நெருங்கும் வேகம் 200 நாட். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 103 மீட்டர். 12.5 விநாடியில் இரண்டும் 1,290 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே விமானி அத்தொலைவுக்கு அப்பாலேயே மிதவை வானூர்தியைக் கண்டிருக்க வேண்டும்.

அத்தொலைவில் காண்பதற்கு என்ன இருக்கிறது? முன்புறத்திலிருந்து நோக்கினால் மிதவை வானூர்தியின் உடற்பகுதி 0.6 மீட்டர் அளவே அகலமுடையது. 1,290 மீட்டரில் அது கண்ணில் 1.6 பாகைத்துளி கோணத்தை அடைக்கும். முழுநிலவின் அகலம் ஏறக்குறைய 30 பாகைத்துளி என்பதால், இது நிலவின் அகலத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இறக்கை 15 மீட்டர் நீளமாயினும் அதன் தடிப்பு 10 செ.மீ. எனக் கொண்டால் 0.27 பாகைத்துளி மட்டுமே. நல்ல பார்வையுடையவர் நல்ல ஒளியில் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய 1 பாகைத்துளி. அதுவும் பார்வையின் நடுப்பகுதியான ஓரிரு பாகை அகலத்துக்குள் மட்டுமே. எனவே வெண்முகிலின் பின்னணியில் நேரே வரும் வெண்ணிற வானூர்தி, தப்புவதற்குப் போதிய நேரம் இருக்கும்போது கண்ணுக்கு ஏறக்குறைய இல்லாத பொருளாகிறது.

இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மோதும் பாதையில் உள்ள ஊர்தி விமானியின் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது. மனிதக் கண் அசைவை எளிதில் பற்றுகிறது; அசையாத புள்ளியைத் தவறவிடுகிறது. மோதாத விமானம் எளிதில் தென்படுகிறது, மோதவிருக்கும் விமானமோ கடைசி விநாடிகளில்தான் பெரிதாகிறது. வட்டமிடும் மிதவை வானூர்தி சாயும்போது அதன் இறக்கைப்பரப்பு ஒளிர்ந்து தெரியும், நிமிரும்போது மறையும். ஆகவே ஒருமுறை கண்டது மறைந்துவிட்டால், அது அகன்றுவிட்டது எனக் கொள்ளலாகாது.

இரு நிகழ்வுகள்

இவ்வெல்லைகள் வெறுங்கணக்கல்ல. 2009 சூன் 14 அன்று இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசையரில் டிரேட்டன் அருகே கிராப் டியூட்டர் பயிற்சி விமானமும் மிதவை வானூர்தி ஒன்றும் வானில் மோதின. பயிற்சி விமானத்திலிருந்த பயிற்றுநரும் பயிற்சி பெறும் இளைஞரும் உயிரிழந்தனர். மிதவை வானூர்தியின் விமானி வான்குடையால் தப்பினார்.

2006 ஆகஸ்டு 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், இரெனோ நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த ஆக்கர் 800 எக்ஸ்பி செட் விமானம் 16,000 அடி அளவிலான உயரத்தில் வட்டமிட்டு ஏறிய மிதவை வானூர்தி ஒன்றுடன் மோதியது. மிதவை வானூர்தியின் விமானி வான்குடையால் இறங்கினார். செட் விமானம் சேதமடைந்த நிலையில் தரையிறங்கியது. உயிரிழப்பு இல்லை. மிதவை வானூர்தியில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால் மின்கல ஆற்றலைச் சேமிக்க அது அணைக்கப்பட்டிருந்தது. ஆகவே செட் விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவி வாய்திறக்கவில்லை. இதையடுத்து, மிதவை வானூர்திகளுக்கு அளிக்கப்பட்டிருந்த டிரான்ஸ்பாண்டர் விலக்கை நீக்குமாறு அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துக் காப்பு வாரியம் பரிந்துரைத்தது.

முதல் நிகழ்வு கண்ணின் எல்லையையும், இரண்டாவது கருவி இருந்தும் பயன்படாத நிலையையும் காட்டுகின்றன.

கருவிகளின் எல்லை

டிரான்ஸ்பாண்டர், தரை ராடாரும் பிற விமானங்களின் எச்சரிக்கைக் கருவியும் விடுக்கும் வினாவுக்கு விடையளிக்கிறது. இயந்திரமற்ற மிதவை வானூர்தியில் மின்னாக்கி இல்லை. பல மணிநேரப் பறப்புக்கு மின்கலமே துணை. மிதவை வானூர்திகளுக்கிடையே நிகழ்ந்த மோதல்களை முன்னிட்டுச் சுவிட்சர்லாந்தில் 2004இல் உருவான ஃபிளார்ம் என்னும் கருவி இக்குறையை வேறு வழியில் தீர்த்தது. குறைந்த மின்னாற்றலில் இயங்கும் அது தன் இருப்பிடத்தையும் அடுத்த சில விநாடிகளில் செல்லவிருக்கும் பாதையையும் வானொலியில் அறிவிக்கிறது. பிற கருவிகளின் அறிவிப்பைப் பெற்று, மோதல் நேரும் எனக் கணித்தால் மட்டும் எச்சரிக்கிறது. வட்டமிடும் இயல்பைக் கணக்கில் கொள்வதால், திரளில் தேவையற்ற எச்சரிக்கைகள் குறைகின்றன. ஐரோப்பியப் போட்டிகளில் இது பரவலாகப் பயன்படுகிறது.

ஆயினும் ஃபிளார்ம் கருவி, அதே கருவி உடையவற்றுடன் பேசவே வடிவமைக்கப்பட்டது. டிரான்ஸ்பாண்டர் மட்டும் உடைய பயிற்சி விமானமும், ஃபிளார்ம் மட்டும் உடைய மிதவை வானூர்தியும் இரு மொழிகள் பேசும் இருவரைப் போல ஒருவரையொருவர் அறியாமலே கடந்து செல்லும். ஒரு பகுதியில் பறப்போர் அனைவரும் எந்தக் கருவியைக் கொள்வது என உடன்பட்டால்தான் கருவி முழுப்பயன் தரும். அவ்வுடன்பாடும் பறப்பதற்கு முன்பே செய்யப்பட வேண்டியது.

முன்னறிவிப்பே முதற்காப்பு

மேற்கண்ட மூன்று எல்லைகளும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. வானில் சந்தித்தபின் செய்வது கடைசிக் காப்பு. சந்திப்பையே அரிதாக்குவது முதற்காப்பு. எங்கே நோக்க வேண்டும் என அறிந்த கண், பொதுவாக நோக்கும் கண்ணைவிட விரைவில் காண்கிறது. செய்தி கண்ணின் எல்லையையும் விரிக்கிறது.

போட்டி நடைபெறும் நாடுகளில் இதற்கான நெறிகள் வளர்ந்துள்ளன. போட்டியின் நாள், நேரம், இடம், உயரம் ஆகியன நோட்டாம் என்னும் விமானிகளுக்கான அறிவிப்பாக வெளியிடப்படுகின்றன. நாள்தோறும் காலையில் வகுக்கப்படும் பறப்புப் பாதை, அருகிலுள்ள நிலையங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. பாதையை வகுப்போர் கருவிவழி இறங்குபாதைகளைத் தவிர்க்கின்றனர். மிதவைப் பறப்பு மிகுந்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. வின்ச் கம்பிவடத்தால் ஏவும் தளங்களுக்கு, கம்பி எட்டும் உயரமும் சேர்த்துக் குறிக்கப்படுகிறது. கம்பி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இக்குறிப்பே அங்கு ஒரே காப்பு. அமெரிக்காவில் கட்டுப்பாட்டு மையத்தின் தொடர்பின்றிக் கண்பார்வை விதியில் பறக்கும் மிதவை வானூர்திகளுக்கென 1202 என்னும் தனி டிரான்ஸ்பாண்டர் எண் ஒதுக்கப்பட்டது. எண்ணைக் கண்டவுடனே, அவ்வூர்தி திடீரெனத் திரும்பும், வட்டமிடும் எனக் கட்டுப்பாட்டாளர் அறிந்துகொள்கிறார்.

தருமபுரிக்குப் பொருத்துதல்

இந்திய அனுபவத்திலும் பகிர்வுக்கான அடிப்படை உண்டு. அதப்சர் தளம் லோகேகாவ் விமானப்படைத் தளத்துக்கு அண்மையில் உள்ளது. கான்பூரில் கல்வி நிறுவனத்தின் ஒரே ஓடுதளம் மிதவை வானூர்திக்கும் சிறு விமானத்துக்கும் பயன்பட்டு வந்துள்ளது. கட்டுப்பாட்டு மையம் அருகில் இருப்பதும், பறப்போர் அனைவரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதும் அங்கெல்லாம் செய்திப் பகிர்வை எளிதாக்குகின்றன. தருமபுரி வானில் இவ்விரண்டும் இயல்பாக அமையா. சேலத்தின் பயிற்சி விமானியும் ஏலகிரியின் பாராகிளைடர் வீரரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆகவே பகிர்வை ஏற்பாடு செய்தாக வேண்டும்.

அவ்வேற்பாடு நான்கு கூறுகளைக் கொள்ளலாம். ஒன்று, பயிற்சி நிறுவனங்கள், விமான நிலையக் கட்டுப்பாட்டுப் பிரிவு, காற்றுவிளையாட்டு நடத்துவோர் ஆகியோருக்கிடையே எழுத்துவடிவ உடன்பாடு. பயிற்சிப் பகுதியும் மிதவைப் பகுதியும் தொப்பூர்க் கணவாய், தேசிய நெடுஞ்சாலை, தொடர்வண்டிப் பாதை போன்ற, மேலிருந்து எளிதில் காணத்தக்க நில அடையாளங்களால் பிரிக்கப்பட வேண்டும். இரண்டு, கட்டுப்பாடற்ற வெளியில் அனைவரும் கேட்கும் பொது வானொலி அலைவரிசை. மூன்று, காலப்பகிர்வு. எழுகாற்று வலுவடைவது முற்பகலின் பிற்பகுதி முதல் மாலை வரை. புதிய மாணவர்களின் தனிப்பறப்பைக் காலைப்பொழுதில் வைப்பது கொந்தளிப்பையும் சந்திப்பையும் ஒருங்கே குறைக்கும். நான்கு, பயிற்சிப் பாடத்தில் மாற்றம். திரள்முகிலின் அடித்தளத்தை ஒட்டியும், காற்றை எதிர்கொள்ளும் மலைச்சரிவின் மேலும் மிதவை ஊர்திகள் கூடும் என்பதை மாணவ விமானி அறிய வேண்டும். அவ்விடங்களைத் தவிர்த்துச் செல்ல அவருக்கு எரிபொருள் உண்டு, மிதவை விமானிக்கோ அவ்விடங்களே வாழ்வு.

முடிவுரை

இயந்திர விமானம் மிதவை வானூர்திக்கு வழிவிட வேண்டும் என்னும் விதி அறத்தால் செப்பமானது, அளவால் போதாதது. கண்டவரையே அது கட்டுப்படுத்துகிறது. காண்பதற்கான தொலைவும் காணத்தக்க பரப்பும் பொருந்தாத நிலையில் அவ்விதி வாய்ப்பை நம்பி நிற்கிறது. கருவிகள் இவ்விடைவெளியைக் குறைக்கின்றன. ஆனால் இயக்கப்படாத கருவியும், ஒன்றையொன்று அறியாத கருவிகளும் இருந்தும் இல்லாதவையே. பறக்கும் இடம், நேரம், உயரம் ஆகியவற்றை முன்கூட்டியே பகிர்வதுதான் பொருட்செலவு குறைந்த, உடனடியாகச் செய்யத்தக்க காப்பு. பெரும்பாலான வான்வெளிகளில் இத்தகைய ஏற்பாடுகள் விபத்துக்குப் பின்னரே வலுப்பெற்றுள்ளன. பயிற்சிப் பறப்பு வளர்ந்துவரும் தருமபுரி–சேலம் வட்டாரத்தில், விபத்துக்கு முன்பே அவற்றைச் செய்யும் வாய்ப்பு இன்னும் உள்ளது.